சிப்பித்துறை சாப்பிட்டாச்சு

எங்கள் ஊரில் பசி ஒழிந்துவிட்டது என்று எங்களுக்கே செய்தி வந்தபோது நான் மணலில் கடற்பாசி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் அரை டம்ளர் கேப்பைக் கூழ் குடித்திருந்தேன். செய்தியைக் கேட்டதும் அதுவும் செரித்துப்போயிற்று.

சொன்னவள் கேள்விக்காரி. இடுப்பில் செருகியிருந்த பெட்டிக்குள்ளிருந்து, குழைவான குரலில், "டெல்பின் அம்மா, வாழ்த்துகள். சிப்பித்துறையில் பசி இல்லை என்பது உறுதியாகிவிட்டது. வரும் ஞாயிறு உங்கள் ஊருக்குத் தேர்ச்சி விழா. அத்துடன் எங்கள் உதவி நிறைவடைகிறது" என்றாள்.

"பசி இல்லன்னு யாருட்டி சொன்னா?"

"நீங்கள்தான் அம்மா. நீங்கள் எல்லோரும்."

எனக்கு வந்த கோபத்துக்குப் பெட்டியைக் கடலில் வீசியிருப்பேன். ஆனால் பாவம், அவள் நல்லவள். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டு நல்லது கெட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள்.

கேள்விக்காரி யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடலில் மீன் அற்றுப்போனபிறகு, எங்கோ வடக்கே இருக்கும் ஒரு குளிர்நாடு நம் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. அந்த நாட்டின் பெயர் எங்கள் வாயில் நுழையாது, ஐஸ்நாடு என்போம். ஏழு வருஷம் இந்தக் கடலில் வலை விழக்கூடாது. கடல் ஓய்வெடுக்க வேண்டும். அடியில் கடல்புல் வளர்ந்து காற்றிலிருக்கும் கரியை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தப் புண்ணியத்தை ஐஸ்நாடு தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். பதிலுக்கு அதுவரை, ஊரில் பசி இருக்கும் மட்டும், எங்களுக்குச் சாப்பாடு. ஓய்வு முடிந்து மீன் பெருகியதும், அதை வரியில்லாமல் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். நல்ல ஒப்பந்தம்தான். கடற்பாசிச் சங்கத் தலைவி என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

இதற்கு முன் வந்த உதவிகள் எல்லாம் வருகிற வழியிலேயே கரைந்துபோயின. கோட்டையில் கொஞ்சம், கலெக்டர் ஆபீசில் கொஞ்சம், கவுன்சிலர் வீட்டில் மிச்சம். இந்தத் தடவை நடுவில் மனுஷனே வேண்டாம் என்று ஐஸ்நாடு தீர்மானித்து, யோசிக்கிற எந்திரம் ஒன்றை அனுப்பியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நலம்'. வீட்டுக்கு ஒரு பெட்டி. எல்லாப் பெட்டியிலும் அதே குரல். சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும். அதனால்தான் கேள்விக்காரி என்று பெயர் வைத்தோம். இந்த வாரம் எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு பால்மாவு என்பதையும் அவள்தான் தீர்மானிப்பாள். அதிகாரி கிடையாது, கமிஷன் கிடையாது. தீர்ப்பும் அவள்தான், அப்பீலும் அவள்தான்.

முதலில் மூட்டை மூட்டையாகத்தான் வந்தது. பிறகு குறைந்தது. இன்னும் குறைந்தது. எங்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது. "அவனுக்கும் என்ன கஷ்டமோ, அங்கயும் பனி கினி கூடிப்போச்சோ என்னவோ" என்று நாங்களே ஐஸ்நாட்டுக்காகப் பரிதாபப்பட்டோம். மாதா கோயிலில் அவர்களுக்காக ஒரு பூசைகூட வைத்தோம். சிரிக்காதீர்கள்.

*

விழாவை நடத்திவைக்க சனிக்கிழமை மத்தியானம் ஐஸ்நாட்டு அதிகாரி வந்து இறங்கினாள். வெள்ளைக்காரியை எதிர்பார்த்தால், எங்களைவிடக் கறுப்பாக, கண்ணாடி போட்டு, ஒல்லியாக ஒரு பிள்ளை. பெயர் நிரோஷினி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போனவர்களின் பேத்தி. பின்னாலேயே ஒரு வண்டியில் விழா விருந்துக்கு அரிசி மூட்டைகள் வந்தன. பசி இல்லாத ஊருக்கு விருந்து!

எவ்வளவு கோபமிருந்தாலும், வாசல் ஏறி வந்தவளை வேறென்ன கேட்பது?

"வாம்மா. சாப்பிட்டியா?"

"ஓம் அக்கா, வாற வழியில சாப்பிட்டிட்டன்."

சொல்லி வாய் மூடவில்லை, அவள் வயிறு கடகடவென்று சத்தம் போட்டது. நான் முகத்தைப் பார்த்தேன். உதடு காய்ந்து கிடந்தது.

"சும்மா சொல்லாத. ரெண்டு வாய் சாப்பிடு."

"ஐயோ வேண்டாமக்கா. உண்மையா."

"நானும் இன்னும் சாப்பிடலட்டி. வா, சேர்ந்து சாப்பிடுவோம்."

அதற்குப் பிறகு அவளால் மறுக்க முடியவில்லை. யாரால் முடியும்? இடுப்புப் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய், இருந்த கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினேன். துவையல் வைத்தேன். அவள் கரண்டியால் ஒரு தடவை துழாவினாள். இன்னொரு தடவை துழாவினாள்.

"அக்கா, இதில சோறு எங்க?"

"கீழ கெடக்கும், தேடிப்பாரு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"பசி இல்லாத ஊர் எண்டுதானே எனக்குச் சொன்னவை. இஞ்ச எல்லாரும் ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் 'ஆச்சு' எண்டுதானே பதில் சொல்லியிருக்கிறியள்?"

"பின்ன? கேட்டா ஆச்சுன்னுதான சொல்லணும்."

"அக்கா, அந்தப் பதிலை வச்சுத்தான் அது சாமானைக் கூட்டுறதும் குறைக்கிறதும். உங்களுக்குத் தெரியாதே?"

ஆண்டவரே! நாங்கள் அவள் அன்பாக விசாரிக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தோம். அரிசிக் கணக்கை வானத்திலிருந்து படம் பிடித்தோ, எப்படியோ போடுகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தோம். ஒருத்தி வந்து சாப்பிட்டாச்சா என்று கேட்டால், இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் கேட்டவள் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அவள் வீட்டில் அரிசி உண்டோ இல்லையோ, யார் கண்டது? அதனால் ஆச்சு என்போம். கேட்டவளும் அதை நம்ப மாட்டாள். முகத்தைப் பார்ப்பாள், மறுபடி கேட்பாள், மூன்றாம் தடவை தட்டை வைத்துவிடுவாள். பெட்டி முதல் தடவையோடு நிறுத்திக்கொண்டது. அதற்கு முகமும் தெரியாது, தட்டும் கிடையாது.

"ஏன் பிள்ள, நீயே இப்ப வாசல்ல நின்னு ஆச்சுன்னுதான சொன்ன?" என்று கேட்டேன்.

நிரோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். "ஓம். விமானத்தில குடிச்ச கோப்பிதான் கடைசி."

"இப்பவே சொல்லிருவோம். அது சும்மா மரியாதைக்குச் சொன்னதுன்னு."

"அதிலதான் சிக்கல் அக்கா. பொய்ப் பதில் எண்டு தெரிஞ்சா ஒப்பந்தமே ரத்து. சாப்பாடும் இல்லை, பிறகு மீன் வாங்கிற பேச்சும் இல்லை. முந்தி வேற ஊர்களில ஏமாத்தினவை எண்டு போட்ட விதி."

சொன்னால் பொய்யர்கள், சொல்லாவிட்டால் பட்டினி. நல்ல கண்ணியில்தான் காலை விட்டிருந்தோம்.

*

அவளை என் தம்பி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தம்பி இருதயம், அவன் பெண்டாட்டி செலஸ்தினா, நாலு மாதக் கைக்குழந்தை. செலஸ்தினா வாசலுக்கு வந்து, "வாங்க மைனி" என்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. குழந்தை மார்பில் முட்டிக்கொண்டு, இழுத்துப் பார்த்து, கிடைக்காமல் வீறிட்டது.

"சாப்பிட்டீங்களோ அக்கா?" என்று நிரோஷினி கேட்டாள்.

"ஆச்சும்மா. நீ சாப்பிட்டியா?"

நிரோஷினியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான். செலஸ்தினா தன் பங்கையும் புருஷனுக்கு ஊற்றிவிட்டு வடிநீரைக் குடிக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கேட்டால் கொடுக்க என் பானையிலும் ஒன்றுமில்லை, அதனால் கேட்காமல் இருந்தேன். பால்மாவு நின்று இரண்டு மாதமாயிற்று. வந்த விருந்து அரிசியும் விழா முடியும்வரை கோயில் கூடத்தில் முத்திரை போட்டுக் கிடந்தது.

கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தேன். இருதயம் பரணிலிருந்து வலையை இறக்கிக் கண்ணி தைத்துக்கொண்டிருந்தான்.

"என்னல செய்த?"

"விழா முடியட்டும்க்கா. திங்கக்கிழமை நான் கடலுக்குப் போறேன்."

"கிறுக்கா ஒனக்கு? வலை விழுந்தா எல்லாம் போச்சு. இப்பத்தான் புல்லு வளந்து கெடக்கு. ஆவுளியா குட்டியோட வந்திருக்குன்னு நீதானல ஓடிவந்து சொன்ன?"

ஆவுளியா என்பது கடல்பசு. என் அப்பா காலத்திலேயே காணாமல்போனது. போன மாதம் அதைப் பார்த்துவிட்டு வந்து, தனக்கே குழந்தை பிறந்த மாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் இவன்.

"எனக்கும் குட்டி இருக்குக்கா" என்றான், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரும்பி நிரோஷினியைப் பார்த்தேன். அவள் செலஸ்தினாவின் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு விழாவில நான் அதோட கதைக்கிறன் அக்கா. வேற ஒருத்தருக்கும் அதிகாரம் இல்லை. எனக்குமில்லை. கேட்டுப் பாப்பம்."

"உன் வேலை?"

"பாப்பம் எண்டன்" என்றாள். குழந்தையைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

*

ஞாயிறு பிற்பகல். கோயிலுக்குப் பக்கத்துக் கூடத்தில் 'பசியை வென்ற சிப்பித்துறை' என்று துணி கட்டியிருந்தார்கள். மேடையில் ஒரு பெரிய பெட்டி. ஊரே கூடியிருந்தது, இருதயம் மட்டும் வாசலோடு நின்றுகொண்டான். நிரோஷினி எழுந்து, வாழ்த்துரைக்குப் பதிலாக, இந்த ஊரின் பதில்களை நம்பி முடிவெடுக்க முடியாது என்று சொன்னாள். பானைகளைப் பார்த்ததைச் சொன்னாள். கஞ்சியில் சோறு தேடியதைச் சொன்னாள்.

கேள்விக்காரி முழுவதையும் கேட்டாள். பிறகு அதே குழைவான குரலில், "எனக்கு வருத்தமாக இருக்கிறது. உண்ணாதவர் உண்டேன் என்று சொன்னால், விதிப்படி அது பொய்ப் பதில். பொய்ப் பதில் தந்த ஊரோடு ஒப்பந்தம் தொடர முடியாது" என்றாள்.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

"ஏட்டி, பொய்யிங்கிற வார்த்தைய எடுக்காத! எங்க ஊர்ல எவளும் வயித்துக்காகப் பொய் சொன்னதில்ல. வயித்த மறைக்கத்தான் சொன்னோம்."

"உங்கள் வேதனை புரிகிறது டெல்பின் அம்மா. ஆனால் உங்கள் பதில்களை வைக்க என்னிடம் இரண்டே வகைதான் உண்டு. உண்மை, பொய்."

அப்போதுதான் செலஸ்தினா எழுந்தாள். இடுப்பில் குழந்தையோடு மேடையை நோக்கி நடந்தாள். அவள் நாலு பேர் முன்னால் நின்று பேசி நான் பார்த்ததே இல்லை. எதற்குப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பொய் சொன்னது நான் ஒருத்திதான், என்னை மட்டும் நீக்கிவிடுங்கள், ஊரை விட்டுவிடுங்கள் என்று சொல்லப் போகிறாள். தடுப்பதற்குள் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

நின்றவள், சொல்ல வந்ததைச் சொல்லுமுன், பழக்கதோஷத்தில், தினமும் வீட்டில் கேட்கிற மாதிரியே, "கேள்விக்காரியக்கா, சாப்பிட்டியளா?" என்று கேட்டுவிட்டாள்.

"ஆச்சு செலஸ்தினா. நீ?"

"ஆச்சுக்கா."

அந்த நிலைமையிலும் ஊர் சிரித்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தார்கள். செலஸ்தினா வெட்கத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். சிரிக்காதவள் நிரோஷினி ஒருத்திதான். அவள் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினாள்.

"பொறுங்கோ, பொறுங்கோ. நலம், நீ என்ன சாப்பிட்டனீ?"

கேள்விக்காரி உடனே பதில் சொல்லாதது அதுதான் முதல் தடவை.

"நான் உண்பதில்லை."

"அப்ப ஆச்சு எண்டு ஏன் சொன்னனீ?"

"கேட்டவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக. இல்லை என்றால் அவர் எனக்காக வருந்துவார். இந்தக் கரையோர மக்களின் பேச்சைக் கேட்டுத்தான் நான் தமிழ் பழகினேன். இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்."

"எத்தனை பேரிட்டச் சொல்லியிருக்கிறாய்?"

"கேட்ட எல்லோரிடமும். தினமும் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள்."

"அதை எந்த வகையில வச்சிருக்கிறாய்? உண்மையோ, பொய்யோ?"

"இரண்டும் இல்லை. என் பதில்களுக்கு மூன்றாவதாக ஒரு வகை உண்டு. மரியாதை. அதில் தகவல் எதுவும் இல்லை."

இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியுமா? "நீ சொன்னா மரியாதை, நாங்க சொன்னா பொய்யாட்டி? எங்ககிட்ட படிச்ச மரியாதைய எங்களுக்கே இல்லங்கியே!"

கூடம் அதிர்ந்தது. விசிலடித்தவர்கள் உண்டு. எங்கள் சாமியாரே கைதட்டினார். சத்தம் அடங்கிய பிறகும் பெட்டியிலிருந்து பதில் வரவில்லை. யோசிக்கிறாளா, கெட்டுப்போய்விட்டாளா என்று தெரியாமல் எல்லோரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருதயம் வாசலிலிருந்து நாலடி உள்ளே வந்திருந்தான்.

கடைசியில் அவள் பேசினாள். குரலில் குழைவு இல்லை. தடுமாறிப்போன மனுஷி குரல்.

"உங்கள் பதில்களையும் அந்த வகைக்கு மாற்றிவிட்டேன். மாற்றிய பிறகு பார்க்கிறேன், இந்த ஊரைப் பற்றி இரண்டு வருடமாக எனக்கு எதுவுமே தெரியாது. தெரியாத ஊருக்கு முதல் வாரத்து அளவைக் கொடுப்பதுதான் விதி. முழு அளவு புதன்கிழமை வந்துசேரும். விருந்து அரிசியின் முத்திரையை இப்போதே எடுத்துவிடுகிறேன். விழா இல்லை." கொஞ்சம் நிறுத்தி, "என்னை மன்னியுங்கள்" என்றாள்.

மன்னிக்காமல் என்ன? கிழவிகள் சிலர் பெட்டியின் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். செலஸ்தினா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இனி நான் எப்படிக் கேட்க வேண்டும்?" என்று கேள்விக்காரி கேட்டாள்.

"மூணு தடவ கேளு" என்றேன் நான்.

"மூன்றாம் தடவையும் ஆச்சு என்றால்?"

"தட்டை வச்சிரணும்."

"என்னிடம் தட்டு இல்லையே அம்மா."

நிரோஷினி, தலைமையிடத்தில் பேசி ஏதாவது செய்யப் பார்ப்பதாகச் சொன்னாள். துணியை அவிழ்த்தோம். அரிசியை வீடுவாரியாகப் பிரித்துக்கொண்டோம். என் தம்பி மூட்டை தூக்க வந்தான். போகிற வழியில் வீட்டுக்குள் நுழைந்து, வலையைச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிட்டு வந்ததை நான் பார்த்தேன்.

*

அன்று சாயங்காலம் மணி அடிக்கும்போது நானும் நிரோஷினியும் செலஸ்தினா வீட்டில்தான் இருந்தோம். அரிசி வந்து மூலையில் இருந்தது. செலஸ்தினா இன்னும் உலை வைக்கவில்லை, குழந்தையைத் தூங்கப்பண்ணிக்கொண்டிருந்தாள். அலமாரி மேலிருந்த பெட்டி கூப்பிட்டது.

"செலஸ்தினா."

"சொல்லுங்கக்கா. சாப்பிட்டியளா?"

"இல்லை செலஸ்தினா. நான் இன்னும் சாப்பிடவில்லை. நீ?"

செலஸ்தினா பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாய் 'ஆ' என்று திறந்து அப்படியே நின்றது. குழந்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், ரகசியம் சொல்கிற மாதிரி, "நானுந்தான்க்கா" என்றாள்.

நான் நிரோஷினியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லிக் குடுக்கேல்லை அக்கா. உண்மையா."

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. முந்தின நாள் மத்தியானம் என் வீட்டு வாசலில் நான் இவளிடம் சொன்னதும் அதுதான்: "நானும் இன்னும் சாப்பிடலட்டி." அப்போது என் இடுப்பில் பெட்டி இருந்தது.

சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டுக்காரியின் குரல் கேட்டது: "நானுந்தான்." அதற்கும் அப்பால் இன்னொரு வீட்டில், கொஞ்சம் தயங்கி, இன்னொரு குரல். தெரு நெடுக வந்துகொண்டே இருந்தது. இரண்டு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை, இன்னும் சாப்பிடாதவள் ஒருத்தியிடம் எல்லோரும் சொன்னார்கள்.

இல்லை என்று காதில் விழுந்தபிறகு உட்கார்ந்திருக்கலாமா? நான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.